சொந்தத் தண்ணீரோடு வருகிறவர்

அவர் மண்ணை நம்பமாட்டார்.

செடி வளர்க்கிற மனுஷன் மண்ணை நம்பமாட்டேன் என்றால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். எனக்கும் முதலில் வந்தது. "மண்ணுக்குள்ள என்ன நடக்குதுன்னு யாரு கண்டா? அடியில அழுகிக்கிட்டே மேல பச்சையா நின்னு ஏமாத்தும். கண்ணாடி பாட்டில்னா அந்தச் சோலியே இல்ல. வேர் வந்தா வந்தது தெரியும், வரலைன்னா வரலைன்னு தெரியும்" என்பார். சொல்லிக்கொண்டே கையிலிருக்கிற பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். தண்ணீருக்குள் நிற்கிற குச்சியின் கணுவில் எள்ளளவுக்கு வெள்ளையாக ஒன்று முளைத்திருக்கும். அதைக் கண்டுவிட்டால் போதும், அன்றைக்கு முழுக்க யாரிடமும் கோபப்படமாட்டார்.

எதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு. பால் பாக்கெட்டைத் தூக்கிப் பார்ப்பார். முட்டையைத் தூக்கிப் பார்ப்பார். கொசுப்புழு இருக்கிறதா என்று சோதிக்க ஒரு பெண் டார்ச் லைட்டோடு வந்தபோது, அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றித் தரச்சொல்லி அதையும் வெயிலில் பிடித்துப் பார்த்தார். அந்தப் பெண் அசரவில்லை. வீட்டிலிருந்த அத்தனை பாட்டிலையும் அவளும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றிலும் புழு இல்லை. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நம்பாமலேயே நல்லபடியாகப் பிரிந்தார்கள்.

தல்லாகுளத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் ஓனர் அவர். அறுபதைத் தாண்டியவர், ஒல்லி, எந்நேரமும் கைவைத்த பனியனும் வேட்டியும். கீழே அவரும் அவர் மனைவியும். மாடியில் இரண்டு போர்ஷன். ஒன்றில் நாங்கள், இன்னொன்றில் பல வருஷமாகக் குடியிருந்த ஒரு குடும்பம். எனக்கு ஆபீஸ் நடந்து போகிற தூரம். என் வீட்டுக்காரருக்குக் காளவாசலில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை. மகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கத்துத் தெரு. இப்படி ஒரு வீடு அமைய நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

என்ன பாடு என்பதைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் பின்னால் நான் பட்டதெல்லாம் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எங்கள் ஊர் சோழவந்தான் பக்கம். அப்பாவுக்குச் சொந்தமாகக் குழி நிலம் கிடையாது. அடுத்தவர் கொடிக்காலில், அதாவது வெற்றிலைத் தோட்டத்தில், கூலி வேலை பார்த்து எங்களைப் படிக்க வைத்தார். நாங்கள் என்ன ஆட்கள் என்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. வீடு பார்க்கப் போன இடத்திலெல்லாம் முதலில் எந்த ஆபீஸ் என்று கேட்பார்கள், முகம் மலரும். அடுத்து ஊரைக் கேட்பார்கள். அதற்கடுத்து ஊரில் எந்தத் தெரு என்று கேட்பார்கள். பிறகு, அடடா, நேற்றுத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார் என்பார்கள். மறுவாரம் அதே வழியாக வண்டியில் போனால் 'வீடு வாடகைக்கு' போர்டு அப்படியே தொங்கும். எனக்குச் சந்தேகப் புத்தி என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இருக்கட்டும். அது பிறவியில் வந்த புத்தி இல்லை, அந்த போர்டுகளைப் பார்த்துப் பார்த்து வந்தது.

இவர் வீட்டுக்குப் புரோக்கர் கூட்டிக்கொண்டு போனபோது நான் எல்லாக் கேள்விக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். இவர் கேட்டதோ ஒன்றே ஒன்று. கிழக்குப் பார்த்த ஜன்னலுக்கு ஸ்க்ரீன் கீன் மாட்டுவீர்களா? மாட்டமாட்டோம் என்றேன். அந்த ஜன்னல் திட்டு தனக்கு வேண்டும், காலை வெயில் அங்கேதான் பதமாக விழுகிறது, பாட்டில் வைத்துக்கொள்வேன், வாரத்துக்கு இரண்டு தடவை வந்து தண்ணீர் மாற்றுவேன், சம்மதமென்றால் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிக்கொள்ளுங்கள் என்றார். ஊரைக் கேட்கவில்லை. தெருவைக் கேட்கவில்லை. வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் சந்தோஷத்தில் ரோஸ்மில்க் வாங்கிக்கொடுத்தார். நான் பாதியிலேயே டம்ளரை அவரிடம் நீட்டிவிட்டேன். எல்லாரும் கேட்கிறதை இந்த ஆள் ஏன் கேட்கவில்லை என்பதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

குடிபோன மறுநாளே பாட்டில்கள் வந்து இறங்கின. ஊறுகாய் பாட்டில், சாஸ் பாட்டில், தேன் பாட்டில், போதாததற்குக் குவார்ட்டர் பாட்டில். வாய் குறுகலாக இருந்தால் குச்சி சாயாமல் நிற்குமாம். ஊரிலிருந்து வந்த என் அம்மா அந்த ஜன்னலைப் பார்த்துவிட்டு மருமகனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நான் விளக்கிச் சொன்ன பிறகும் அவள் முழுசாக நம்பினாள் என்று சொல்லமுடியாது.

ஒவ்வொரு பாட்டிலிலும் வெள்ளை டேப் ஒட்டி, அந்தக் கொப்பு எங்கிருந்து வந்தது என்று பேனாவால் எழுதியிருப்பார். 'கோர்ட்டு வாசல் அரளி'. 'திருப்பரங்குன்றம் பூக்காரம்மா வீட்டு நந்தியாவட்டை'. 'காளவாசல் பேக்கரி மணி பிளான்ட்'. மணி பிளான்ட்டைக் கேட்காமல் கிள்ளிக்கொண்டு வந்து வைத்தால்தான் வீட்டில் காசு தங்கும் என்று ஊரே நம்புகிறது. எங்கள் ஆபீஸில் ஒரு கொடி அப்படிக் கிள்ளிக் கிள்ளியே மொட்டையாகிப் போனது. இவர் மட்டும் கேட்டுத்தான் வாங்குவார். கேட்பதென்றால் சும்மா இல்லை. இந்தச் செடி யார் கொடுத்தது, அவர்கள் எந்த ஊர், அங்கே இது யார் வீட்டில் இருந்தது என்று மூன்று தலைமுறைக்குத் துருவுவார். ஒரு நாள் எங்கள் ஜன்னலருகில் நின்று டேப் ஒட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியாத செடிய வீட்டுக்குள்ள விடக்கூடாதும்மா."

செடியைத்தான் சொன்னார். எனக்கு அது செடியைப் பற்றியதாகக் கேட்கவில்லை.

அவர் படியேறி வரும்போது கையில் ஒரு கேன் இருக்கும். பழைய எண்ணெய் கேன், மூடியைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருப்பார். அதில் தண்ணீர். கீழே அவர் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வருவார். பாட்டில்களிலிருந்த பழைய தண்ணீரை எங்கள் சிங்க்கில் கொட்டுவார். புதுத் தண்ணீரை அவர் கேனிலிருந்து ஊற்றுவார். எங்கள் சமையலறைக் குழாய் அவர் முழங்கைக்கு இடிக்கிற தூரத்தில்தான் இருந்தது. ஒரு தடவைகூட அவர் அதைத் திறக்கவில்லை.

நான் முதல் மாசமே அதைக் கவனித்துவிட்டேன். கவனித்த பிறகு வேறொன்றையும் கவனித்தேன். காபி போடட்டுமா சார் என்றால், இப்பத்தாம்மா குடிச்சேன் என்பார். மோர் தரட்டுமா என்றால், சளி பிடித்திருக்கிறது என்பார். வெறும் தண்ணீராவது என்றால், கையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிவிடுவார். என் அப்பாவுக்குக் கொடிக்கால்காரர் வீட்டில் தண்ணீர் கொடுப்பார்கள். செம்பைத் தரமாட்டார்கள். அப்பா குனிந்து இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்துக்கொள்ள, மேலிருந்து ஊற்றுவார்கள். சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இப்போது நான் மாதச் சம்பளக்காரி, என் வீட்டில், என் டம்ளரில் தண்ணீர் கொடுக்கிறேன். இந்த மனிதர் அதை வாங்கிக் குடிப்பாரா மாட்டாரா? எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான். அந்த வீட்டில் இருந்த காலம் முழுக்க என்னை அரித்ததும் அதுதான்.

ஒரு நாள் அவர் வருவதற்கு முன்பே நான் எல்லாப் பாட்டிலிலும் எங்கள் குழாய்த் தண்ணீரை மாற்றி ஊற்றி வைத்தேன். சாயங்காலம் வந்தார், பார்த்தார், கேனைத் திறக்காமலே திரும்பிப் போனார். அடுத்த முறை அவர் வந்தபோது பாதிக் குச்சி அடியில் கருத்துக் கொழகொழவென்று ஆகியிருந்தது. "மேல வர்றது போர் தண்ணிம்மா. உப்பு. குச்சி தாங்காது" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். எனக்கு அப்படியே நெஞ்சிலிருந்து கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. உப்புத் தண்ணி! இம்புட்டுத்தானா விஷயம்! அன்று ராத்திரி என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன்.

சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. குடிக்கிற தண்ணீர் எங்கள் வீட்டில் குடத்தில் இருக்கிறதே, அது கீழே கார்ப்பரேஷன் குழாயில் பிடித்தது, உப்பே கிடையாது, அதை எடுத்துக்கொள்ளுங்கள் சார் என்றேன். அதில் குளோரின் வாடை இருக்கும், இரண்டு நாள் துணி கட்டித் திறந்து வைத்தால்தான் போகும், அப்படி ஆற வைத்ததைத்தான் கொண்டு வருகிறேன் என்றார். சரி, அதுவும் நியாயம்தான். ஆனால் அந்த வாரமே பக்கத்துப் போர்ஷனுக்கு உப்பு கேட்டுப் போனபோது பார்க்கிறேன், அங்கேயும் ஜன்னலில் நாலைந்து பாட்டில், அவர் கேனைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் வீட்டு வாட்டர் ஃபில்டரைத் திறந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஃபில்டர் தண்ணியில் குளோரின் இல்லையாம்.

மறுமாசம் எங்கள் வீட்டிலும் ஃபில்டர் ஏறியது. எதற்கு இப்போது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். மகளுக்கு அடிக்கடி தொண்டை கட்டுகிறது என்றேன். ஓனர் வந்தார். புது ஃபில்டரைச் சுற்றி வந்து பார்த்தார், பக்கத்திலிருந்த விளக்கைப் போட்டும் பார்த்தார். "இது புது மாடலு. தண்ணியில இருக்கிற சத்த பூரா உருவிரும். அவுக வீட்ல இருக்கிறது பழசு, அதான் பரவால்ல" என்றுவிட்டுக் கேனின் ரப்பர் பேண்டைக் கழற்றினார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஒவ்வொன்றையும் போனில் தேடிப் பார்த்தேன், எல்லாம் சரிதான். எனக்கு எரிச்சலே அதில்தான். ஒன்றாவது பொய்யாக இருந்திருந்தால் நிம்மதியாகக் கோபப்பட்டிருப்பேன்.

பக்கத்துப் போர்ஷன் அக்காவிடம் ஒரு நாள் துணி காயப்போடும்போது பேச்சுவாக்கில் கேட்டேன், சார் உங்கள் வீட்டில் காபி குடிப்பாரா என்று. அந்த அக்கா வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்தாள். "குடிப்பாருன்னுதான் நெனக்கிறேன்... குடிச்சிருக்காரா என்னான்னு தெரியலயே. ஏன்?" என்றாள். இத்தனை வருஷமாக அங்கே குடியிருக்கிறாள், அவளுக்கு நினைவில்லை. அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய தேவை அவளுக்கு வந்ததே இல்லை. எனக்கோ அவர் மறுத்த ஒவ்வொரு காபியும் ஞாபகத்தில் இருந்தது, அன்றைக்குப் பால் என்ன பதத்தில் பொங்கியது என்பது வரைக்கும். எனக்கு அந்த அக்காமேல் பொறாமையாக வந்தது.

வீட்டுக்குள் ஓனரும் அவர் மனைவியும் பேசிக்கொள்வது சௌராஷ்டிர பாஷை. எனக்கு ஒரு வார்த்தை புரியாது. நான் படியிறங்கும்போது அவர்கள் பேச்சு தணிந்தால், ஆகா, நம்மைப் பற்றித்தான் என்று நினைப்பேன். தணியாமல் சத்தமாகவே தொடர்ந்தால், இவளுக்குப் புரியாது என்ற தைரியம் என்று நினைப்பேன். அவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தால்கூட அதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பேன். அந்த அம்மா என்னைப் பார்த்தால் நன்றாகவே சிரிப்பார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டிருந்தாலாவது எனக்கு ஒரு துப்பு கிடைத்திருக்கும். முட்டி வலி அவருக்கு, படியேறவே மாட்டார்.

தீபாவளிக்கு அந்த அம்மா ஓனர் கையில் ஒரு தட்டு நிறையப் பலகாரம் கொடுத்தனுப்பினார். நாங்கள் சாப்பிட்டோம். பதிலுக்கு அதே தட்டில் அதிரசம் வைத்துக் கொடுத்தேன். மறுநாள் குப்பை வண்டி வந்தபோது அவர்கள் கூடையை எட்டிப் பார்த்தேன், ஆமாம், பார்த்தேன், வெட்கமாகத்தான் இருந்தது. அதிரசம் இல்லை. அதனால் சாப்பிட்டார்கள் என்று ஆகிவிடுமா? மாடு திரிகிற தெரு அது.

இதெல்லாம் உனக்கு எதற்கு என்று என் வீட்டுக்காரர் ஒரு நாள் சலித்துக்கொண்டார். வீடு கொடுத்தாரா இல்லையா? வாடகையை ஏற்றினாரா? தண்ணீர் நின்றுபோனால் நாம் கூப்பிடுவதற்கு முன்னாலேயே மோட்டாரைப் போடுகிறாரா இல்லையா? அவர் கேட்டது அத்தனையும் சரி. மகளுக்குக் காய்ச்சல் வந்து நான் லீவு போட்டிருந்த நாட்களில், ஜன்னல் பக்கம் போகிற சாக்கில் தினமும் வந்து, புள்ளைக்கு எப்படி இருக்கு என்று வாசலில் நின்று விசாரித்தவர்தான் ஓனர். கற்பூரவல்லி வேர்விட்ட பாட்டிலை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு, இதைக் கிள்ளிக் கஷாயம் வைத்துக்கொடு என்றார். மகள் தேறியதும் அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷம் நடிப்பில்லை. அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் அது போதாது.

"போதாதுன்னா வேற என்னதான்டி வேணும் உனக்கு?" என்றார்.

"ஒரு டம்ளர் தண்ணி குடிக்கணும்" என்றேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அதைக் கேட்டார். நீங்கள் சோழவந்தான் பக்கம்தானே, அந்த ஊர் வெற்றிலைக்கொடி ஒன்று வேண்டும், அடுத்த தடவை போனால் இரண்டு கணு இருக்கிற துண்டாகக் கொண்டுவாருங்கள் என்றார். ஊர்ப் பெயரை நான் அவரிடம் சொன்னதாக ஞாபகமே இல்லை. மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. அப்பா வேலை பார்த்த கொடிக்காலில் கேட்டு ஒரு துண்டு வாங்கி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. கணுவைத் தடவிப் பார்த்தார், இலையை முகர்ந்தார், வெளிச்சத்தில் பிடித்து நரம்பைப் பார்த்தார். பிறகு டேப்பைக் கிழித்து ஒட்டி, பேனாவைத் திறந்துகொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கொடிக்கால் உங்களுதாம்மா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பல பதில்கள் இருந்தன. தெரிந்தவர்களுடையது என்று சொல்லியிருக்கலாம். சொந்தக்காரர்களுடையது என்றுகூடச் சொல்லியிருக்கலாம். மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் தாத்தாவை அவள் முன்னால் மறைக்க எனக்கு வாய் வரவில்லை.

"இல்ல சார். எங்கப்பா அதுல கூலிக்கு வேல பாத்தாரு" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. 'சோழவந்தான் வெற்றிலை. அப்பா வேலை பார்த்த கொடிக்கால்' என்று பொடி எழுத்தில் எழுதி, அந்தப் பாட்டிலை எங்கள் ஜன்னலில் வைக்காமல் கீழே கொண்டுபோய்த் தன் வீட்டு முன் ஜன்னலில் வைத்துக்கொண்டார். நான் அன்றைக்கே வேறு வீடு பார்க்க மனசளவில் தயாராகிவிட்டேன். இந்த வாரம் காலி பண்ணச் சொல்வார், அடுத்த வாரம் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் படியேறி வரும் சத்தம் கேட்டாலே கை வேலை நின்றுவிடும். அவரோ வருவார், தண்ணீர் மாற்றுவார், போவார். கொடி வேர்விட்டுக் கிளம்பி ஜன்னல் கம்பியில் சுற்றிக்கொண்டது. வெள்ளிக்கிழமைகளில் அந்த அம்மா அதில் இரண்டு இலையைக் கிள்ளிச் சாமிக்கு வைப்பதை நானே பார்த்தேன். என் வீட்டுக்காரருக்கு வெற்றி. இப்போது என்ன சொல்கிறாய் என்றார். நான் என்ன சொல்வது? இலையிலும் பூவிலும் யாரும் எதுவும் பார்ப்பதில்லை. நாங்கள் நாற்று நட்டு அறுத்துக்கொடுத்த நெல்லைத்தான் எல்லாரும் பொங்கித் தின்றார்கள். தண்ணீரில்தான் பார்ப்பார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் ஆபீஸிலிருந்து வந்து படியேறப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். எதிர்வீட்டு மனிதர் ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஓனரிடம் தமிழில் பேசிக்கொண்டிருந்தார். மாடியில் யாருக்கு வீடு விட்டிருக்கிறீர்கள் தெரியுமா, விசாரித்தீர்களா என்று இழுத்தார். நான் படிக்கட்டுச் சுவரோரம் ஒதுங்கினேன்.

"மொத நாளே தெரியும். புரோக்கர்ட்ட கேட்டுட்டுத்தான் வரச்சொன்னேன். எனக்குத் தெரியாம இந்த வீட்டுக்குள்ள யாரு வர முடியும்? வேற சோலி இருந்தாப் பாருங்க" என்றார் அவர். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

வாய்விட்டு அழவேண்டும்போல இருந்தது, சந்தோஷத்தில்தான். மாடிக்கு வந்து, முகம் கழுவி, காபியைப் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. முதல் நாளே தெரியும் என்றால், கொடிக்கால் உங்களுடையதா என்று ஏன் கேட்டார்? தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறார். நான் பொய் சொல்கிறேனா என்று தூக்கிப் பிடித்துப் பார்த்திருக்கிறார். முதல் நாளே தெரியும் என்றால், அந்தக் கேனும் முதல் நாளிலிருந்து வந்ததுதானே? நன்றி சொல்லவேண்டிய மனிதர்மேல் கோபம் வந்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? காபி ஆறிப் போனது.

லோன் போட்டுத் திருப்பரங்குன்றம் பக்கம் சொந்தமாக ஒரு வீடு கட்டினோம். காலி செய்கிறோம் என்று சொன்னபோது அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. இனி வருகிறவர்கள் ஜன்னலுக்கு ஸ்க்ரீன் போட்டுவிடுவார்கள் என்று புலம்பினார். அது எங்களுக்காக வந்த வருத்தமா, ஜன்னலுக்காக வந்த வருத்தமா என்று நான் அப்போதும் யோசித்தேன்.

கிளம்பிய அன்று நல்ல சித்திரை வெயில். சாமான்களையெல்லாம் குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். மாடியில் நானும், கழற்றாமல் கடைசிக்கு விட்டு வைத்திருந்த ஃபில்டரும், ஒரு எவர்சில்வர் டம்ளரும் மட்டும். அவர் படியேறி வந்தார். கையில் கேன் இல்லை. அந்த வெற்றிலைக்கொடியிலிருந்து நீளமாக ஒரு துண்டை வெட்டி, வெறும் கையில் பிடித்திருந்தார். புது வீட்டுக்கு என்றார். வேர்வை வழிந்து பனியன் நனைந்திருந்தது. மூச்சு வாங்கியது. உதடு காய்ந்து வெடித்திருந்தது, அதை நாக்கால் ஈரமாக்கிக்கொண்டார்.

இதற்குமேல் ஒரு சமயம் வாய்க்காது என்று எனக்குத் தெரிந்தது. டம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்தேன். விளிம்பு வரைக்கும் பிடித்ததில் கொஞ்சம் சிந்தியது.

"குடிங்க சார்" என்றேன்.

இப்பத்தான் குடித்தேன் என்று சொல்லவில்லை. கையை ஆட்டவில்லை. வாங்கிக்கொண்டார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். டம்ளருக்குள் குனிந்து பார்த்தார். எவர்சில்வர், தூக்கிப் பிடித்தாலும் ஒன்றும் தெரியாது. நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் கொடியை எடுத்து, அடிக்கணு நன்றாக மூழ்கும்படி அந்தத் தண்ணீருக்குள் விட்டார். இலை நனையாமல் விளிம்பில் சாய்த்து வைத்தார். ரொம்ப அக்கறையாகச் செய்தார்.

"வழியில வாடிரக் கூடாதுல்ல" என்று சொல்லி, டம்ளரை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். உதட்டை இன்னொரு தடவை நாக்கால் தடவிக்கொண்டு, பாத்துப் போய்ட்டு வாங்கம்மா என்று படியிறங்கினார்.

குடித்தாரா, மறுத்தாரா என்று இதை என்ன கணக்கில் சேர்ப்பது? செடிப் பைத்தியம், தாகம்கூட மறந்துபோகிற மனுஷன் என்று ஒரு மனசு சொன்னது. மடக்கிப் பிடித்த கேள்விக்குக்கூட இப்படி ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாரே என்று இன்னொரு மனசு சொன்னது. இன்றைக்கு வரைக்கும் இரண்டும் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன.

என் வீட்டுக்காரர் பைக்கில் முன்னால் போனார். நானும் மகளும் வண்டியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். டம்ளரை மடியில் வைத்து, ஒவ்வொரு குலுக்கலுக்கும் கையால் மூடி மூடிப் பிடித்துக்கொண்டு வந்தேன். பழங்காநத்தம் தாண்டுவதற்குள் ஒரு சிக்னலில் வண்டி நின்றது. அனல் முகத்தில் அடித்தது. கொடியை வெளியே எடுத்து மகள் கையில் கொடுத்தேன். அந்தத் தண்ணீரை, டம்ளரில் வாய் வைத்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் நான் குடித்தேன்.